கற்பனை விண்கப்பல்களின் யோக்கியதை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். இல்லாத கப்பலில் ஓட்டை தேடுவதற்கு ஒரு கூட்டமா, அதற்கு ஒரு பிரசங்கமா என்று கேட்கக்கூடும். நட்சத்திரங்களுக்கு மனிதனை ஏற்றிக்கொண்டு போகும் கப்பல் இன்றுவரை ஒன்றுகூடக் கட்டப்படவில்லை என்பது உண்மையே. மனிதன் கால் வைத்த வேற்று மண் சந்திரன் ஒன்றுதான்; அதுவும் 1969-ல்தான் முதன்முதல் நடந்தது. ஆனால் கதாசிரியர்களும் சினிமாக்காரர்களும் 150 வருஷங்களுக்கு மேலாக இப்படிப்பட்ட கப்பல்களைக் காகிதத்திலும் திரையிலும் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

கதை எழுதுகிறவன் ‘இது கதை’ என்று சொல்லியே நமக்கு விற்கிறான். இதை நம்பாதவன் நரகத்துக்குப் போவான் என்று அவன் பயமுறுத்துவதில்லை. ஆகவே அவனை நாம் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். கேட்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. லாபம் எவ்வளவோ உண்டு. ஏனெனில் கற்பனைக் கப்பலில் நாம் காணும் குற்றங்களில் முக்கால்வாசி, மனிதன் உண்மையாகக் கட்டிய கப்பல்களிலும் இருந்து, உண்மையான உயிர்களைக் குடித்திருக்கின்றன.

‘இது நடக்குமா?’ என்று மாத்திரம் கேட்டால் எல்லாக் கதையையும் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அது சோம்பேறியின் கேள்வி. கதைக்காரன் தானே போட்டுக்கொண்ட சட்டப்படி அவன் கப்பல் நடக்கிறதா? உள்ளே ஏறினவன் உயிரோடிருப்பானா? ஒரு சாமான் கெட்டுப்போனால் வேறொன்று கை கொடுக்குமா? இப்படிக் கேட்பதே பலன் தரும்.

முதலில் பிரெஞ்சுக்காரரான ஜூல்ஸ் வெர்ன் என்பவரைப் பார்ப்போம். அவர் 1865-ல் எழுதிய கதையில், பூமியில் 900 அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அதையே ஒரு பீரங்கியாக வார்த்து, மூன்று பேரை ஒரு குண்டுக்குள் உட்காரவைத்துச் சந்திரனை நோக்கிச் சுட்டார்கள். இதில் மெச்சத்தக்க அம்சங்கள் பல உண்டு. குண்டை அலுமினியத்தில் செய்தார். சுடும் இடமாக அமெரிக்காவில் பிளோரிடா நாட்டைப் பொறுக்கினார். திரும்பி வரும்போது பசிபிக் சமுத்திரத்தில் விழவைத்தார். 104 வருஷங்கள் கழித்து உண்மையாகவே சந்திரனில் இறங்கிய கப்பலிலும் மூன்று பேர்தான் போனார்கள், பிளோரிடாவிலிருந்துதான் கிளம்பினார்கள், பசிபிக் சமுத்திரத்தில்தான் வந்து விழுந்தார்கள். இதை யாரும் தீர்க்கதரிசனம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பூகோளப் படத்தையும் கணக்கையும் வைத்துக்கொண்டு யோசித்தவருக்குக் கிடைத்த கூலி அது, அவ்வளவுதான்.

ஆனால் அதே கணக்கை இன்னும் இரண்டு வரி சேர்த்துப் போட்டிருந்தால், பிரயாணிகள் மூவரும் பீரங்கியைவிட்டு வெளிக்கிளம்புமுன்பே செத்துப்போயிருப்பார்கள் என்பது தெரிந்திருக்கும். நின்றுகொண்டிருக்கும் குண்டு 900 அடி தூரத்துக்குள் வினாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தை அடையவேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு. அந்த அவகாசத்தில் உள்ளே இருப்பவனுடைய கனம் 20,000 மடங்குக்கு மேல் ஏறும். 60 கிலோ எடையுள்ள ஆள் 1,200 டன்னுக்கு மேற்பட்ட பாரமாகித் தன் எலும்பின்மேல் தானே விழுந்து நசுங்குவான். இந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்கு வெர்ன் வைத்த ஏற்பாடு, காலடியில் மூன்றடி ஆழத் தண்ணீர்!

இதைவிட ருசியான சங்கதி ஒன்று உண்டு. அக்கதையின் இரண்டாம் பாகத்தில், கப்பலில் செத்துப்போன ஒரு நாயை ஜன்னல் வழியாக வெளியே எறிகிறார்கள். எறிந்த நாய் பின்தங்கிப் போகாமல் கப்பலோடு கூடவே மிதந்து வருகிறது. இது முற்றும் சரி. வெகு சாமர்த்தியமான கண்டுபிடிப்பும்கூட. ஆனால் வெளியே இருக்கும் நாய் மிதக்குமானால் உள்ளே இருக்கும் மனிதன் மாத்திரம் எப்படித் தரையில் காலூன்றி நடப்பான்? இருவரும் ஒரே வேகத்தில் ஒரே திக்கில் விழுந்துகொண்டிருப்பவர்கள்தானே? பூமியின் இழுப்பும் சந்திரனின் இழுப்பும் சமமாகும் ஓரிடத்தில் மாத்திரம் மனிதர் மிதப்பார்கள் என்று எழுதிவிட்டார் வெர்ன். உண்மை அவர் கையிலேயே இருந்தது. செத்த நாய் சொன்ன பாடத்தை உயிருள்ள மனிதனுக்குப் பொருத்திப் பார்க்கத் தவறிவிட்டார்.

ஆயினும் இப்படிப்பட்ட பிழையுள்ள புஸ்தகம் என்ன செய்தது? ஓபெர்த் என்ற பையன் அதை வாசித்தான். வாசித்துவிட்டுக் கைகூப்பி நிற்காமல் அதிலுள்ள கணக்கைத் தானே போட்டுப் பார்த்தான். பீரங்கி உதவாது, கொஞ்சங் கொஞ்சமாக வேகம் ஏற்றும் ராக்கெட்டுதான் உதவும் என்று கண்டான். பின்னாளில் 1923-ல் கிரகங்களுக்கு ராக்கெட்டில் போவதைப்பற்றி அவர் வெளியிட்ட நூல், இக்காலத்து ராக்கெட் சாஸ்திரத்தின் அஸ்திவாரக் கற்களில் ஒன்றாயிற்று.

வெர்னுக்குப் பின் இங்கிலீஷ்காரரான வெல்ஸ் 1901-ல் வேறு தினுசான கப்பல் கட்டினார். ஆகர்ஷண சக்தியைத் தடுத்துவிடும் ஒரு பண்டத்தைக் கற்பனை செய்து, அதனால் செய்த திரைகளை ஒரு கண்ணாடி உருண்டையைச் சுற்றி மாட்டினார். எந்தப் பக்கத்துத் திரையைச் சுருட்டுகிறோமோ அந்தப் பக்கத்திலுள்ள கோளம் கப்பலை இழுக்கும். ஓட்டுவது வெகு சுலபம், எரிபொருள் வேண்டியதில்லை, யாரும் நசுங்கமாட்டார்கள். இதைக் கேட்ட வெர்ன், நாம் பீரங்கியில் அனுப்பினோம், இவரோ ஏதோ ஓர் உலோகத்தில் அனுப்புகிறார், அந்த உலோகத்தை எங்கே காட்டட்டும் என்ற கருத்தில் முறையிட்டார். கிழவர் கேட்டது நியாயந்தான். அப்படி ஒரு பண்டம் இருக்குமானால் ஒரு சக்கரத்தின் பாதிக்கு அடியில் அதை விரித்து வைத்துவிட்டால் போதும். அந்தப் பாதி கனமற்றதாகி மேலேற, மறுபாதி கீழிறங்க, சக்கரம் செலவில்லாமல் நாள் முழுவதும் சுற்றிக்கொண்டேயிருக்கும். இல்லாத இடத்திலிருந்து சக்தி வராது என்பது பௌதிக சாஸ்திரத்தின் முதல் பாடம். ஆனால் வெல்ஸ் அந்த ஒரு பொய்யைச் சொன்ன பிறகு, கப்பலை அந்தப் பொய்க்கு விரோதமில்லாமல் ஒழுங்காகவே ஓட்டினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிற்க, கப்பல் என்று சொல்லத்தக்கதாக ஓரளவு யோக்கியமாகக் கட்டப்பட்ட முதல் சினிமாக் கப்பல், 1968-ல் கூப்ரிக் எடுத்த ‘2001’ என்ற படத்தில் வரும் டிஸ்கவரிதான். கதையில் அவருக்குக் கூட்டாளி ஆர்தர் கிளார்க். இவர் 1956 முதல் 2008-ல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். இந்தக் கப்பலில் அணுசக்தி யந்திரம் ஒரு கோடியிலும் மனிதர்கள் மறுகோடியிலும் இருக்க, நடுவில் நீண்ட முதுகெலும்பு போன்ற பாலம் இருக்கிறது. அணு யந்திரத்தின் கதிர் மனிதனுக்கு விஷம். தூரமே அதற்குக் கனமில்லாத கேடயம். இது நல்ல யோசனை.

மனிதர் நடமாடுவதற்கு ஒரு பெரிய சக்கரம் சுற்றுகிறது. ராட்டினத்தில் சுற்றும்போது வெளிப்பக்கம் தள்ளுவதுபோல், சுற்றும் சக்கரத்தின் உள்விளிம்பில் நிற்பவனுக்குக் காலடியில் கனம் கிடைக்கும். மந்திரமில்லாமல் ஆகர்ஷணத்துக்குப் பதில் செய்யக்கூடிய வழிகளில் இது ஒன்று. ஆனால் படத்துக்காகக் கட்டின சக்கரத்தின் விட்டம் 38 அடிதான். இவ்வளவு சின்னச் சக்கரத்தில், நிற்கிறவனுடைய தலை மையத்துக்குச் சமீபத்திலும் கால் தூரத்திலும் இருப்பதால், தலைக்கு உண்டாகும் கனம் காலுக்கு உண்டாவதில் முக்கால் பங்குகூட இராது. திரும்பினால் தலை சுற்றும். குனிந்தால் வாந்தி வரும். பூமியில் இருப்பதுபோன்ற கனமும் வேண்டும், மயக்கமும் கூடாது என்றால், நிமிஷத்துக்கு இரண்டு சுற்று மாத்திரம் சுற்றும் சக்கரம் வேண்டும். கணக்குப் போட்டால் அதன் விட்டம் 450 மீட்டருக்குச் சமீபத்தில் வருகிறது. அதைக் கட்டத் திரைப்படக் கம்பெனி எதுவும் பணம் கொடுக்காது!

இன்னொரு குற்றம் உஷ்ணத்தைப்பற்றியது. இது இந்தக் கப்பலில் மாத்திரமல்ல, அனேகமாக எல்லாக் கற்பனைக் கப்பல்களிலும் உள்ள குற்றம். ஆகாயவெளி குளிர்ந்தது என்று கேள்விப்பட்டவர்கள், அங்கே எந்த யந்திரமும் தானே ஆறிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிளாஸ்க்கில் ஊற்றிய காப்பி ஏன் ஆறுவதில்லை? அதன் இரண்டு சுவர்களுக்கு நடுவில் காற்றில்லாததால்தானே? காற்றில்லாத வெளியில் போகும் கப்பலும் பிளாஸ்க்கில் அடைபட்ட காப்பிதான். உள்ளே உண்டாகும் சூட்டை ஒளிக்கதிராக வீசி எறிவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. வீசுவதற்கு அகன்ற தகடுகள் வேண்டும். 1998 முதல் பூமியைச் சுற்றிக் கட்டப்பட்ட சர்வதேச விண்வெளி நிலையத்தின் படத்தைப் பார்த்தால், அம்மோனியா ஓடும் பெரிய வெள்ளைத் தகடுகளைக் காணலாம். கிளார்க்குக்கு இது தெரியாததல்ல. முதலில் டிஸ்கவரிக்கும் இப்படிப்பட்ட தகடுகளை வரைந்திருந்தார்கள். காற்றில்லாத இடத்தில் இந்தக் கப்பலுக்கு இறக்கை எதற்கு என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்களே என்று பயந்து எடுத்துவிட்டார்கள். அதாவது, பார்ப்பவனுக்கு விளங்காது என்பதற்காக உண்மையை வெட்டியெறிந்தார்கள். எடுத்துச் சொல்லியிருந்தால் எந்தக் குடியானவனுக்கும் இது விளங்கியிருக்கும். 2009-ல் வந்த ‘அவதார்’ படத்தில் நட்சத்திரப் பிரயாணக் கப்பலுக்கு அந்தத் தகடுகளைத் தைரியமாக வைத்தார்கள். யந்திரங்களையும் பின்னால் வைத்துத் தள்ளாமல், முன்னால் வைத்து வண்டியை மாடு இழுப்பதுபோல் இழுக்கவைத்தார்கள். தள்ளினால் நடுப்பாலம் வளையாமலிருக்கக் கனமாக வேண்டும். இழுத்தால் கயிறுபோல் லேசாக இருந்தாலும் போதும். யாரும் கொட்டகையில் எழுந்து ஓடிவிடவில்லை.

டெலிவிஷன் கப்பல்களில் பெயர் பெற்றது 1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ கதையின் எண்டர்பிரைஸ். ஒரு தட்டும், அதன்கீழ் ஒரு பீப்பாயும், பின்னால் தூக்கி நிற்கும் இரண்டு குழாய்களும் சேர்ந்த உருவம் அது. இதை வரைந்த மாட் ஜெப்ரீஸ் என்பவர் வெறும் அழகுக்காக வரையவில்லை. வெளிச்சத்தை மிஞ்சி ஓடும் யந்திரம் மகா அபாயமாயிருக்கும், ஆதலால் அதை மனிதரிடமிருந்து விலக்கி வைக்கவேண்டும் என்று யோசித்தார். பழுது பார்ப்பதெல்லாம் உள்ளிருந்தே முடியவேண்டும் என்பதற்காகக் கப்பலின் வெளிப்புறத்தை மழமழவென்று விட்டார். இவை தொழில் தெரிந்தவன் செய்கிற காரியங்கள். அந்தக் கப்பலை நடத்தும் மேடையில் ஒரு கறுப்புப் பெண்ணையும், ஒரு ஆசியாக்காரனையும், பிறகு ஒரு ருஷியனையும் சம அந்தஸ்தோடு உட்காரவைத்ததை அந்த வருஷத்து அமெரிக்காவின் நிலைமையோடு சேர்த்துப் பார்த்தால், ஆட்கள் ஏற்பாட்டுக்கும் நாம் நல்ல மார்க்கே போடவேண்டும்.

அப்படிப்பட்ட புத்திசாலிகள், கேப்டன் உட்காரும் அறையைக் கப்பலின் உச்சந்தலையில், எதிரியின் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய் வைத்ததுதான் வேடிக்கை. கப்பல் கொஞ்சம் குலுங்கினாலும் கேப்டன் முதல் கடைசிச் சிப்பந்திவரை நாற்காலியிலிருந்து உருளுகிறார்கள். அதே அமெரிக்காவில் 1968 முதல் விற்கும் புது மோட்டார் காரில் இடுப்பு வார் இருந்தாகவேண்டும் என்று சர்க்கார் உத்தரவு இருக்க, வெளிச்சத்தைவிட வேகமாகப் போகும் கப்பலில் ஒரு முழம் வாருக்கு வழியில்லை! எங்கேயோ அடிபட்டால் இங்கே மேஜை வெடித்துச் சிப்பந்தி சாகிறான். ஒரு பியூஸ் கம்பி போட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். போதாக்குறைக்கு, அபாயமான கிரகம் எதுவானாலும் கேப்டனும் அவருக்கு அடுத்தவரும் வைத்தியருமாகச் சேர்ந்து இறங்கிவிடுகிறார்கள். 430 பேரையும் நடத்தவேண்டியவர்கள் ஒரே குழியில் விழுந்தால் கப்பலின் கதி என்ன என்று கேட்பாரில்லை. மனிதனைக் கரைத்து வேறிடத்தில் உருவாக்கும் யந்திரத்தைப்பற்றி நாம் அதிகம் சொல்லப்போவதில்லை. வாரந்தோறும் கப்பல் இறங்குவதுபோல் படம் எடுத்தால் செலவு தாங்காது என்பதற்காகப் பிறந்த யந்திரம் அது. காசில்லாமையே அதன் தாயார்.

‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் டெத் ஸ்டார் என்பதோ சந்திரனைப்போன்ற ஒரு கோட்டை. 1977-ல் வந்த அந்தப் படத்தில், இரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரு புகைத் துவாரத்தில் குண்டு போட்டுக் கோட்டை முழுவதையும் தூளாக்கிவிட்டான் ஒரு வாலிபன். சூடு வெளியேறத் துவாரம் வேண்டும் என்பது, இப்போது சொன்ன காரணத்தால், சரியே. ஆனால் வெளியிலிருந்து நேரே உலையின் நெஞ்சுவரை ஒரு வளைவும் கதவுமில்லாத குழாயா? நம் வீட்டுச் சாக்கடைக் குழாயில்கூட நாற்றம் வராமலிருக்க ஒரு வளைவு வைக்கிறோமே! ஜனங்கள் இதை வருஷக்கணக்காகக் கேட்டுச் சிரித்தார்கள். படக்காரர்கள் 39 வருஷங் கழித்து, 2016-ல், அதற்குப் பதிலாகவே போல ஒரு முழுப் படம் எடுத்தார்கள். பலவந்தமாக வேலை வாங்கப்பட்ட சிற்பி ஒருவன் முதலாளிகளை ஒழிப்பதற்காகவே அந்தக் குற்றத்தை ரகசியமாக வைத்துக் கட்டினான் என்று அதில் சொன்னார்கள். பதில் நன்றாயிருக்கிறதோ இல்லையோ, கேட்டவர்களைப் பாவிகள் என்று வையாமல் பதில் சொல்ல வந்தார்கள் பாருங்கள், அதை நாம் பாராட்டுகின்றோம்.

இதுவரை சொன்னவை யந்திரக் குற்றங்கள். இவற்றைத் தச்சனும் கொல்லனும் திருத்திவிடலாம். இனிச் சொல்லப்போவது அப்படித் திருத்த முடியாதது.

முன்னே சொன்ன டிஸ்கவரிக்கு மறுபடி வருவோம். அதில் ஐந்து பேர் போகிறார்கள். மூவரை நீண்ட தூக்கத்தில் கிடத்தியிருக்கிறார்கள். விழித்திருக்கும் இருவருக்கும் பிரயாணத்தின் உண்மையான நோக்கம் தெரியாது. கப்பலை ஆளும் கணிப்பொறிக்கு மாத்திரம் தெரியும். உண்மையை அறிவிப்பதற்கென்றே செய்யப்பட்ட அந்தக் கணிப்பொறிக்கு, கூட இருப்பவர்களிடம் மறைத்து வை என்று மேலிடம் உத்தரவு போட்டுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு அது தடுமாறி, தூங்கினவர்கள் மூவரையும் மூச்சடக்கிக் கொன்றது. மற்ற இருவரில் ஒருவனை, அவன் கப்பலுக்கு வெளியே போயிருந்தபோது கொன்றது. காற்று, கதவு, வெளிச்சம், படகு எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்து, அந்தக் கைக்கு ஒரு ரகசியத்தையும் கொடுத்தவன் யாரோ, அவன்தான் கொலைகாரன், யந்திரமல்ல. மீதியிருந்த ஒருவன் பிழைத்தது எதனால்? கணிப்பொறியைக் கேட்காமல் மனிதன் கையால் திறக்கக்கூடிய ஒரு அவசரக் கதவு கப்பலில் இருந்தது, அதனால்தான். அந்தக் கப்பலில் உள்ளவற்றிலெல்லாம் விலைமதிப்புள்ள சாமான் அந்தக் கதவு என்பது நமது அபிப்பிராயம்.

கதவுதானே என்று நினைக்காதீர்கள். இந்தப் படம் வருவதற்கு முந்தின வருஷம், 1967 ஜனவரியில், அப்போலோ 1 என்ற உண்மையான கப்பலைத் தரையிலேயே நிறுத்திப் பரீட்சை செய்துகொண்டிருந்தபோது உள்ளே தீப்பிடித்தது. உள்ளே நிரப்பியிருந்தது சுத்தமான பிராணவாயு. உட்கதவோ உட்புறமாகத் திறப்பது. தீயினால் உள்ளே அழுத்தம் ஏறியவுடன் அந்தக் கதவைத் திறக்க மனித பலத்தால் ஆகாமற்போயிற்று. கிரிஸ்ஸம், ஒயிட், சாபி என்ற மூவரும் தரையை விட்டு ஓரடிகூடக் கிளம்பாமலே மாண்டார்கள். அதற்குப் பிறகுதான், சில வினாடிகளில் வெளிப்புறமாகத் திறக்கும் கதவு வைத்தார்கள்.

1979-ல் வந்த ‘ஏலியன்’ படத்தில் நோஸ்ட்ரோமோ என்று ஒரு சரக்குக் கப்பல். இரண்டு கோடி டன் தாதுவை இழுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறது. சிப்பந்திகள் ஏழு பேர். வழியில் ஒரு கொடிய ஜந்து கப்பலில் ஏறிவிடுகிறது. அந்த ஜந்துவைக் கொண்டுவா, சிப்பந்திகள் செத்தாலும் பாதகமில்லை என்பது கம்பெனி முதலாளிகள் கணிப்பொறிக்கு ரகசியமாகக் கொடுத்திருந்த உத்தரவு. தப்பி ஓடலாமென்றால் ஏழு பேர் கப்பலுக்கு இருந்த ஒரே உயிர்ப்படகில் நாலு பேருக்குக்கூட இடமில்லை! கப்பலைத் தானே வெடிக்கச் செய்ய மாத்திரம் பத்து நிமிஷக் கணக்கோடு அருமையான யந்திரம் வைத்திருந்தார்கள்.

இது கதாசிரியனுடைய விபரீதக் கற்பனை என்று யாரும் சொல்லவேண்டாம். 1912-ல் டைட்டானிக் கப்பலில் சுமார் 2,200 பேர் ஏறினார்கள். படகுகளில் இருந்த இடம் 1,178 பேருக்கு. இதில் ஆச்சரியம் என்னவென்றால், சட்டம் கேட்டதைவிட அந்தக் கப்பலில் அதிகப் படகே இருந்தது. அக்காலத்துச் சட்டம் கப்பலின் பருமனைப் பார்த்துப் படகைக் கணக்கிட்டதே தவிர, உள்ளே இருக்கும் தலைகளை எண்ணவில்லை. சுமார் 1,500 பேர் மாண்டார்கள். மூன்றாம் வகுப்பில் வந்த ஏழைகளில் பிழைத்தவர் நாலில் ஒரு பங்கு. முதல் வகுப்புக்காரரில் பிழைத்தவர் பாதிக்கு மேல்.

இதே வகுப்பு வித்தியாசத்தை நட்சத்திரங்கள்வரை கொண்டுபோன கப்பல் ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். 2016-ல் வந்த ‘பாசெஞ்சர்ஸ்’ என்ற படத்தில், அவலான் என்னும் கப்பல் 5,000 பிரயாணிகளையும் 258 சிப்பந்திகளையும் ஏற்றிக்கொண்டு வேறொரு கிரகத்துக்கு 120 வருஷப் பிரயாணம் போகிறது. எல்லோரும் தூங்குகிறார்கள், காவலுக்குக்கூட ஒருவன் விழித்திருக்கவில்லை. புறப்பட்டு 30 வருஷமானபோது கப்பலில் கல் மோதி, ஒரு பெட்டி பழுதாகி, உள்ளே இருந்த மெக்கானிக்கு ஒருவன் எழுந்துவிடுகிறான். இன்னும் 90 வருஷம் பாக்கி. மறுபடி தூங்க வழியில்லை. ஏனென்றால் தூங்கவைக்கும் சாதனத்தைக் கப்பலில் வைக்கவேயில்லை. கப்பலிடம் கேட்டால், பெட்டி கெடாது என்று பதில் வருகிறது. கெட்டுப்போன பெட்டியிலிருந்து எழுந்து வந்து எதிரில் நிற்கிறான் மனிதன்; அவன் இருப்பதை ஒப்புக்கொள்ளக் கப்பலின் சித்தாந்தத்தில் இடமில்லை! ஊருக்குச் செய்தி அனுப்பினால் பதில் வர 55 வருஷம் ஆகுமாம். 5,000 பேருக்கு வைத்தியம் செய்யும் யந்திரப் படுக்கை ஒன்றே ஒன்று. ஒரு வருஷத்துக்கு மேல் தனிமையில் கிடந்து, பொறுக்கமாட்டாமல், தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அவள் சம்மதமில்லாமலே எழுப்பி அவள் ஆயுளையும் கெடுத்தான் அவன். அந்தக் குற்றம் அவனுடையதே. ஆனால் அந்த நிலைமைக்கு ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தியது, கெடவே கெடாது என்று எழுதிவைத்தவர்களுடைய குற்றம்.

அவ்வளவு பெரிய கப்பலில் அவன் ஒருவனே விழித்திருந்த அந்த நாட்களிலும், தினமும் காலையில் காப்பி யந்திரத்தின் முன் நின்று நல்ல காப்பி கேட்பான். உன் டிக்கெட் வகுப்புக்கு அது கிடையாது என்று யந்திரம் சொல்லும். வெறும் காப்பியை ஊற்றும். 5,000 பேருக்கு வேண்டிய சாமான் உள்ளே இருந்தது. சாப்பிட ஆள் வேறு கிடையாது. உயர்ந்த வகுப்புச் சீட்டு வைத்திருந்த அந்தப் பெண் எழுந்து வந்து, தன் பேரில் வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவனுக்கு ஒரு நல்ல காலைச் சாப்பாடு கிடைத்தது.